டர்போ சூட்டுக்கு மாவுக்கட்டு போடலாமா?

டர்போ பெட்ரோல் கார் வாங்கிய பிள்ளைகள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி இது: ‘எக்ஸாஸ்ட் ஹெடருக்கு ராப் சுத்திடலாமா?’ ரேஸ் கார் படங்களில் பார்த்திருப்பீர்கள். கை உடைந்தவருக்கு மாவுக்கட்டு போட்டதுபோல, குழாய் முழுக்க நாடா சுற்றியிருக்கும்.

அந்தக் கட்டுக்குள் இருப்பது லேசுப்பட்ட சூடு இல்லை. டர்போ பெட்ரோல் இன்ஜினை முழு மூச்சில் விரட்டினால், வெளியேறும் புகை 900 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டும். அந்தச் சூட்டின் சக்தியில்தான் டர்போ சக்கரமே சுற்றுகிறது. சூடு வழியில் வீணாகாமல் போய்ச் சேர்ந்தால் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பானெட்டுக்குள் இருக்கும் ஒயரும் ரப்பர் ஹோஸும் வேகாது. ராப் சுற்றச் சொல்பவர்கள் சொல்லும் காரணம் இதுதான். நியாயமான காரணம்தான்.

ஆனால், வெளியே போகாத சூடு எங்கே போகும்? குழாயின் உலோகத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். காற்று பட்டு ஆறிக்கொண்டிருந்த குழாய், இப்போது உள்ளே ஓடும் புகையின் சூட்டையே நெருங்கிவிடும். 40 செ.மீ. நீளமுள்ள 304 ரக ஸ்டெயின்லெஸ் குழாயின் சூடு 800 டிகிரி ஏறினால், அது 5 மி.மீ.க்கு மேல் நீளும், ஆறினால் சுருங்கும். தினமும் இப்படியே நடந்தால் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழும். போதாக்குறைக்கு, ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவையும் வளர்க்கும் அந்த நாடா. இரண்டுமே கட்டுக்குள் மறைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. மைல்டு ஸ்டீல் ஹெடருக்கு ராப் வேண்டவே வேண்டாம் என்பேன். புதிதாகச் செய்வதாக இருந்தால், டைட்டானியம் சேர்த்த 321 ரக ஸ்டெயின்லெஸ்ஸைக் கேளுங்கள்.

நாடாவிலும் ரகம் உண்டு. கண்ணாடி இழை நாடா 600 டிகிரியை நெருங்கும்போதே பலமிழந்து நொறுங்கத் தொடங்கும். எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த பசால்ட் நாடா இன்னும் கொஞ்சம் தாங்கும். ‘டைட்டானியம்’, ‘லாவா’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இதுதான். பெயரைப் பார்த்து உலோகம் என்று நினைத்துவிடாதீர்கள். பாக்கெட்டில் இரண்டு எண்கள் இருந்தால், தொடர்ந்து தாங்கும் சூட்டைப் பாருங்கள். சில நிமிடம் மட்டும் தாங்கும் எண் விளம்பரத்துக்கானது.

என்னைக் கேட்டால் செராமிக் கோட்டிங். நாடா அளவுக்குச் சூட்டைத் தடுக்காது, செலவும் கூடுதல். ஆனால் ஈரம் பிடிக்காது, துருவைத் தடுக்கும், விரிசல் விட்டால் கண்ணில் படும்.

டர்போவுக்கு மேல் போர்த்தும் பிளாங்கெட்டில் ஒரு எச்சரிக்கை. சூடான புகை போகும் டர்பைன் பக்கத்தை மட்டுமே மூட வேண்டும். ஆயில் ஓடும் நடுப்பகுதியையும், காற்று இழுக்கும் பக்கத்தையும் மூடக் கூடாது. போர்வையில் ஆயில் கசிந்து ஊறினால், அது விளக்குத் திரிதான்.

சரி, ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் ஓடும் காருக்கு? ஃபோக்ஸ்வாகனின் 1.0 டிஎஸ்ஐ போன்ற இன்ஜின்களில் தனி ஹெடரே கிடையாது. சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே அதை வார்த்து, சுற்றிலும் கூலன்ட் ஓட விட்டிருக்கிறார்கள். சுற்றுவதற்குக் குழாய் எங்கே இருக்கிறது?

இத்தகைய கார்களில் காக்க வேண்டியது கம்பெனி பொருத்திய ஹீட் ஷீல்டு. பார்ப்பதற்கு அப்பளம்போல ஒரு தகடு. பளபளப்பால் சூட்டைத் திருப்பியடிக்கும். அதற்கும் குழாய்க்கும் நடுவே உள்ள காற்று இடைவெளி மீதியைத் தடுக்கும். போல்ட் துருப்பிடித்து அது லொடலொடவென்று ஆடினால், ‘கழட்டிடலாம் சார், சத்தம் நின்னுடும்’ என்பார்கள். சம்மதிக்காதீர்கள். புது போல்ட், அகலமான வாஷர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் போகும் ஒயரைக் காப்பது அந்தத் தகடுதான்.

ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆஸ்பெஸ்டாஸ் கயிறோ துணியோ வாங்கிவிடாதீர்கள். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தத் தூசி மெக்கானிக்கின் சட்டையோடு வீட்டுக்கும் போகும். கண்ணாடி, பசால்ட் நாடாக்களைக் கையாளும்போதுகூடக் கையுறை, முழுக்கைச் சட்டை, மாஸ்க் வேண்டும். இல்லாவிட்டால் அன்றிரவு முழுக்க அரிப்பில் தூக்கம் வராது.

சுற்றி முடித்து முதல் தடவை ஓட்டும்போது நாடாவிலிருந்து புகை கிளம்பும். திறந்தவெளியில் நிறுத்தி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்ஜினை ஓட விடுங்கள். சில நாட்களில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் புகை வந்தால், நாடாவைக் கழற்றிவிட்டு ஆயில் எங்கே கசிகிறது என்று பாருங்கள்.