பதினோரு விநாடி பறந்த புஷ்பக்



கரன்ட் போன இரவில், பனை ஓலைக் காற்றாடி செய்து, நடுவில் கருவேல முள்ளைக் குத்தி, தெருவில் ஓடியிருக்கிறீர்களா? நீங்கள் ஓட ஓட, காற்று ஓலையைத் தள்ளும், காற்றாடி சுற்றும். இதையே தலைகீழாக யோசித்துப் பாருங்கள். காற்றாடியை ஒரு இன்ஜின் சுற்றினால் என்ன ஆகும்? அது காற்றைப் பின்னால் தள்ளும். தான் முன்னால் போகும். அதுதான் விமானத்தின் முன் விசிறி. 'புரொப்பெல்லர்' என்பார்கள்.

இன்று உங்களுக்குச் சொல்லப் போவது, ரிமோட் மூலம் பறக்கும் பெரிய மாதிரி விமானத்துக்கு இன்ஜினும் விசிறியும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது. "வாத்தியாருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்கிறீர்களா? எல்லாம் நான் செய்த ஒரு தவறால் தெரிந்து கொண்டதுதான். அதையும் சொல்லி விடுகிறேன்.

விருத்தாசலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் நல்லூரில், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன். அவன் அப்பா, விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை செய்தார். அகல் விளக்கு, பொம்மை, மின்சார பியூஸ் கட்டை எல்லாம் சுடுகிற சூளை. பையன் வளர்ந்து பொறியியல் கல்லூரிக்குப் போனான். விடுமுறைகளில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எட்டு மாதம் பாடுபட்டு ஒரு விமானம் செய்தான். அதன் பெயர் புஷ்பக்.

புஷ்பக் நிஜமாகவே இருந்த விமானம். பெங்களூரு இந்துஸ்தான் விமான நிறுவனம் செய்தது. 1958ல் முதன் முதலாகப் பறந்தது. இரண்டு பேர் உட்காரலாம். 90 குதிரைத்திறன் இன்ஜின். இறக்கையின் ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை ஏறக்குறைய 11 மீட்டர். நம் நாட்டில் விமானம் ஓட்டக் கற்ற எத்தனையோ பேர் இதில்தான் கற்றார்கள். நம் பையன் செய்தது இதில் கால் பங்கு அளவு. இறக்கை 2 மீட்டர் 74 சென்டிமீட்டர். ஒரு கட்டிலை விட நீளம்!

இறக்கை தயார், உடல் தயார். ஒரு மாலை என்னிடம் வந்து, "சார், என்ன இன்ஜின் போடலாம்?" என்று கேட்டான். எனக்கு என்ன தெரியும்? ஆனால், வாத்தியார் 'தெரியாது' என்று சொல்லலாமா என்ற கர்வம். "பெரிய இன்ஜினாப் போடுப்பா. சக்தி அதிகமா இருந்தா நல்லதுதானே!" என்றேன்.

அவன் பழைய இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி விட்டான். 80 சி.சி. அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்த பணம்.

2011ம் ஆண்டு, அறுவடை முடிந்த ஒரு வயல். ஊரே கூடியிருந்தது. இன்ஜின் உறுமியது. விமானம் ஓடியது, எழுந்தது. இடது பக்கமாகச் சாய்ந்தது, விழுந்தது. யாரோ கைக்கடிகாரம் பார்த்துச் சொன்னார்கள்: பதினோரு விநாடி. எட்டு மாத உழைப்பு குச்சி குச்சியாகக் கிடந்தது. பையன் அழவில்லை. அவன் அப்பா குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி, துண்டில் கட்டினார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அன்றிரவு நானும் அவனும் உட்கார்ந்து, ஏன் விழுந்தது என்று காகிதத்தில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை நீங்களும் போடுங்கள்.

முதல் கணக்கு: எடை

சுண்ணாம்புக் கட்டிப் பெட்டி போன்ற சிறு கனச் சதுரங்களை எடுத்துக் கொள்ளுங்கள். நீளத்துக்கு 4, அகலத்துக்கு 4, உயரத்துக்கு 4 என்று அடுக்கி ஒரு பெரிய கனச் சதுரம் செய்தால், மொத்தம் எத்தனை? 64. ஆனால், பெரிய சதுரத்தின் ஒரு முகத்தில் தெரிவது 16 தான். அதாவது, ஒரு பொருளைக் கால் பங்காகச் சுருக்கினால், அதன் பரப்பு 16ல் ஒரு பங்காகும். ஆனால், கன அளவும், எடையும் 64ல் ஒரு பங்காகி விடும்.

நிஜ புஷ்பக், ஆட்களோடும் எரிபொருளோடும் சுமார் 600 கிலோ. 64ஆல் வகுத்தால் ஒன்பது கிலோவுக்குச் சற்று மேல். நம் பையனின் புஷ்பக்கும் ஒன்பது கிலோவில்தான் இருந்திருக்க வேண்டும். இந்த எடைக்கும், நிதானமாகப் பறக்கும் இந்த வகை விமானத்துக்கும் 30 முதல் 40 சி.சி. இன்ஜின் தாராளம். நாம் தெருவில் பார்த்த பழைய டி.வி.எஸ். 50 மொபெட்டின் இன்ஜினே 50 சி.சி.தான் என்றால், 80 சி.சி. எவ்வளவு பெரியது என்று பாருங்கள்!

பெரிய இன்ஜின், தேவையானதை விட ஒன்றரைக் கிலோ அதிகம் இருந்தது. அதனால் மூக்கு கனத்தது. விமானத்தின் எடை, இறக்கையின் முன் விளிம்பில் இருந்து அதன் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு தள்ளி ஓர் இடத்தில் சமன்பட வேண்டும். மூக்கு கனத்தால் தலை குனியும். அதைச் சரி செய்ய, பையன் வாலில் அரைக் கிலோ ஈயம் கட்டினான். ஆக, இரண்டு கிலோ கூடுதல் சுமை. இறக்கை மட்டும் அதேதான். சுமை கூடினால், இன்னும் வேகமாக ஓடினால்தான் எழும்ப முடியும். அவனோ, வழக்கமான வேகத்திலேயே எழுப்பி விட்டான். இறக்கை தாங்கவில்லை.

இரண்டாவது கணக்கு: விசிறி

கடையில் விசிறி வாங்கும்போது அதன் மேல் இரண்டு எண்கள் இருக்கும். உதாரணமாக, 20-8. இரண்டுமே அங்குலக் கணக்கு. முதல் எண் விட்டம். விசிறியின் ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை. இரண்டாவது எண் 'பிட்ச்'. அது என்ன?

மரக்கட்டையில் திருகாணியைத் திருகிப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே போகும். விசிறியும் காற்றில் திருகிக் கொண்டு போகும் திருகாணிதான். 8 என்றால், ஒரு சுற்றுக்கு 8 அங்குலம் முன்னேற வேண்டும் என்று அர்த்தம். நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால் 56,000 அங்குலம். மணிக்கு ஏறக்குறைய 85 கிலோ மீட்டர்! ஆனால், காற்று மரக்கட்டை அல்லவே, வழுக்கும். எனவே, உண்மையான வேகம் இதை விடக் குறையும்.

சைக்கிளில் கியர் வைத்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிட்ச் குறைந்த விசிறி, மேடு ஏற உதவும் கியர் மாதிரி. பிட்ச் அதிகமான விசிறி, சமதளத்தில் பறக்கும் கியர் மாதிரி. பந்தய விமானத்துக்குச் சின்ன விட்டமும் பெரிய பிட்சும் வேண்டும். புஷ்பக் போல மெதுவாகப் போகும் விமானத்துக்குப் பெரிய விட்டமும் சின்ன பிட்சும்தான் பொருந்தும்.

அப்படியானால், விட்டத்தைக் கூட்டிக் கொண்டே போகலாமா? கூடாது. 18 அங்குல விசிறியை எடுத்து விட்டு, அதே பிட்ச் உள்ள 20 அங்குல விசிறியைப் போட்டு, அதே வேகத்தில் சுற்ற, சுமார் ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். இரண்டே அங்குலத்துக்கு இவ்வளவு! விசிறி பெரிதானால் இன்ஜின் திணறிச் சூடேறும். சிறிதானால் இன்ஜின் கட்டுக்கடங்காமல் சுற்றி, அதிர்ந்து, தன்னையே கெடுத்துக் கொள்ளும்.

நம் பையனுக்கு நடந்தது இரண்டாவது. 80 சி.சி. இன்ஜினுக்கு 26 அங்குல விசிறி வேண்டும். ஆனால், புஷ்பக்கின் சக்கரக் கால்கள் குட்டை. 26 அங்குலம் போட்டால் தரையில் இடிக்கும். எனவே, 20 அங்குலம் போட்டான். இன்ஜின் தலைதெறிக்கச் சுற்றியது. விசிறி ஒரு பக்கம் சுற்றினால், விமானத்தின் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். எழும்பும் வேகம் வராத நேரத்தில் முழு சக்தியும் கொடுத்ததால், இடது இறக்கை தாழ்ந்தது. அவ்வளவுதான், பதினோரு விநாடி!

ரைட் சகோதரர்களும் இதே கணக்குப் போட்டார்கள்

1903ம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு விமானங்கள் தயாராயின. ஒன்று, புகழ் பெற்ற விஞ்ஞானி சாமுவேல் லாங்லி செய்தது. அதில் 52 குதிரைத்திறன் இன்ஜின். டிசம்பர் 8ம் தேதி படகின் மேலிருந்து ஏவினார்கள். உடைந்து பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. இன்ஜின் அருமையானதுதான், உடல் தாங்கவில்லை.

ஒன்பது நாள் கழித்து, டிசம்பர் 17ம் தேதி, சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களின் விமானம் பறந்தது. அதன் இன்ஜின் வெறும் 12 குதிரைத்திறன்! அவர்களுடைய கடைத் தொழிலாளி சார்லி டெய்லர் செய்தது. சகோதரர்கள் விசிறிக்காக மாதக் கணக்கில் மண்டையைக் குடைந்து கொண்டு, 'விசிறி என்பது சுழலும் இறக்கை' என்று கண்டுபிடித்தார்கள். எட்டரை அடி விட்டமுள்ள இரண்டு மர விசிறிகளைத் தாங்களே செதுக்கினார்கள். சைக்கிளில் இருப்பது போன்ற சங்கிலி போட்டு, இன்ஜினை விட மெதுவாக அவற்றைச் சுற்ற வைத்தார்கள். சிறிய இன்ஜின், பொருத்தமான விசிறி. அது போதும்!

நம் சென்னையும் சளைத்ததல்ல. அங்கே ஹோட்டல் நடத்திய ஜாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், தானே வரைந்த விமானத்தை, மவுன்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியில் செய்யச் சொல்லி, 1910ம் ஆண்டு பறந்து காட்டினார். அதில் இருந்ததும் சிறிய இன்ஜின்தான்.

விளக்கெண்ணெயும் பீங்கானும்

மாதிரி விமான இன்ஜின்களில் ஒரு வகை, மெத்தனால் என்னும் சாராய வகை எரிபொருளில் ஓடும். அது தேயாமல் இருக்க அதோடு கலக்கும் எண்ணெய்களில் ஒன்று என்ன தெரியுமா? நம் பாட்டி தலையில் வைக்கும் விளக்கெண்ணெய்! பெரிய விமானங்களுக்குப் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜின்தான். செலவு குறைவு.

பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். நடுவில் வெள்ளையாக ஒன்று இருக்கும். அது பீங்கான் வகை. கடும் சூட்டைத் தாங்கும். மின்சாரத்தைக் கசிய விடாது. நம் பையன் இன்ஜினைக் கழற்றிக் கொண்டிருந்தபோது அவன் அப்பா இதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது நம்ம சரக்காச்சே!" என்று சொல்லிச் சிரித்தார். விமானம் விழுந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

விசிறிக்கு மரியாதை கொடுங்கள்

20 அங்குல விசிறி நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது, அதன் நுனி மணிக்கு 670 கிலோ மீட்டர் வேகத்தில் போகும். கண்ணுக்குத் தெரியாது, கத்தியை விட மோசம். எனவே:

1. பெரியவர் துணை இல்லாமல் இன்ஜினைத் தொடவே கூடாது.

2. விசிறிக்கு முன்னாலோ, பக்கவாட்டிலோ நிற்காதீர்கள். விமானத்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

3. விரிசல் விட்ட விசிறியை ஒட்டிப் பயன்படுத்தக் கூடாது. உடைத்துத் தூர எறியுங்கள்.

4. விசிறியைத் தராசு போல நடுவில் தாங்கிப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால், சமன் செய்த பிறகே மாட்ட வேண்டும்.

5. நம் நாட்டில், 2021ம் ஆண்டு வந்த டிரோன் விதிகள் மாதிரி விமானங்களுக்கும் உண்டு. எங்கே பறக்க விடலாம் என்பதைப் பெரியவர்கள் விசாரித்த பிறகே பறக்க விட வேண்டும்.

மீண்டும் புஷ்பக்

சரி, பையன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? 80 சி.சி. இன்ஜினை விற்றான். துண்டில் கட்டி வைத்த துண்டுகளில், தேறியவற்றை ஒட்டினான். மறு ஆண்டு 35 சி.சி. இன்ஜினும், 20-8 விசிறியும் மாட்டினான். வாலில் ஈயம் தேவைப்படவில்லை. அதே வயல். இந்த முறை அவன் யாரையும் கூப்பிடவில்லை. அவன் அப்பாவையும் என்னையும் மட்டும் அழைத்தான்.

புஷ்பக் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு, கொக்கு எழும்புவது போல் நிதானமாக எழும்பியது. வயலைச் சுற்றிச் சுற்றி வந்தது. நான் கைக்கடிகாரம் பார்த்தேன். ஒன்பது நிமிடம்! இறங்கியதும், அவன் அப்பா அதன் மூக்கைத் தடவிக் கொடுத்தார், மாட்டைத் தடவுவது போல.

செல்லங்களே, தமிழகத்தில் இந்த ஆசைக்கு வழி இருக்கிறது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். அதே வளாகத்து 'தக்ஷா' அணி, 2018ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அப்போது நடிகர் அஜித் குமார் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்தார்.

செய்து பாருங்கள்! வீட்டில் மேஜை மின்விசிறியை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, அதன் இதழை உற்றுப் பாருங்கள். நடுவில் அதிகமாகவும், நுனியில் குறைவாகவும் சாய்ந்திருக்கிறதா? ஏன்? ஒரு சுற்றில் நுனி அதிக தூரம் ஓட வேண்டும். நடுப்பகுதி கொஞ்ச தூரம்தான். இரண்டும் சேர்ந்தே முன்னேற வேண்டும் அல்லவா? விமான விசிறியிலும் இதே முறுக்குதான்.

கடைசியாக ஒன்று. உங்களில் யாராவது நாளை வாத்தியார் ஆகலாம். தெரியாததை ஒரு மாணவன் கேட்டால், "தெரியலைப்பா, வா சேர்ந்து கணக்குப் போடுவோம்" என்று சொல்லுங்கள். நான் அன்று அதைச் சொல்லியிருந்தால், ஒரு விமானம் உடைந்திருக்காது.