கப்பல்களைக் கரை சேர்த்த கடிகாரம்... பரிசுக்காகப் போராடிய தச்சர்!

1707-ம் ஆண்டு, அக்டோபர் 22 இரவு. மத்தியதரைக் கடல் போரை முடித்துக்கொண்டு பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. ஆங்கிலக் கால்வாயின் வாசலுக்குப் பத்திரமாக வந்துவிட்டோம் என்று மாலுமிகள் நினைத்தார்கள். உண்மையில் கப்பல்கள் சில்லி தீவுகளின் பாறைகளுக்கு நேர் எதிரே இருந்தன. நான்கு கப்பல்கள் மூழ்கின. தளபதி சர் கிளவுட்ஸ்லி ஷவல் உட்பட 1,400 பேருக்கும் மேல் இறந்தார்கள். எதிரியின் குண்டு ஒன்றுகூட அங்கே வெடிக்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் போனதுதான் வினையானது.

மோசமான வரைபடங்களும் திசைகாட்டிக் கோளாறும் இந்த விபத்துக்குக் காரணங்கள் என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். ஆனால், அன்றைய இங்கிலாந்து உலுக்கப்பட்டது. நடுக்கடலில் கப்பலின் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றம் வரை கேட்டது.

அட்சரேகையில் சிக்கல் இல்லை. நண்பகல் சூரியனின் உயரத்தையோ, துருவ நட்சத்திரத்தின் உயரத்தையோ அளந்தால் வடக்கு தெற்கில் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். கிழக்கு மேற்கைச் சொல்லும் தீர்க்கரேகைதான் பிடிபடவில்லை.

கணக்கு என்னவோ எளிதுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். நம் இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதும் இதே கணக்கில்தான். 82.5 டிகிரியை 15-ஆல் வகுத்துப் பாருங்கள், 5.5 வரும். கப்பலில் சூரியன் உச்சிக்கு வரும்போது அங்கே மதியம் 12 மணி. அதே நொடியில் லண்டனில் மணி என்ன என்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தீர்க்கரேகையைச் சொல்லிவிடும்.

லண்டன் நேரத்தைக் கப்பலில் எப்படி எடுத்துச் செல்வது? அன்றைய நல்ல கடிகாரங்கள் எல்லாம் பெண்டுலத்தில் ஓடுபவை. அலையில் ஆடும் கப்பலில் அவை பைத்தியம் பிடித்தது போல ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். வெயிலில் உலோகம் நீளும், குளிரில் சுருங்கும். உள்ளே போடும் எண்ணெய் இறுகிவிடும். இப்படியொரு கடிகாரம் இதுவரை செய்யப்படவில்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னவர் சாட்சாத் ஐசக் நியூட்டன்!

1714-ல் பரிசு அறிவிக்கப்பட்டது. அரை டிகிரிக்குள் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கும் வழி சொல்பவருக்கு 20,000 பவுண்ட். இன்றைய மதிப்பில் பல கோடி ரூபாய். அரை டிகிரி என்றால் நேரத்தில் இரண்டு நிமிடம். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக ஆறு வாரம் ஆகும். கடிகாரம் ஒரு நாளைக்கு மூன்று நொடிக்கு மேல் தவறக் கூடாது!

பக்கத்து வீட்டுப் புகைபோக்கி

ஜான் ஹாரிசன் 1693-ல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். தச்சரின் மகன், அவரும் தச்சர். கடிகாரத் தொழிலை யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. பாரோ என்ற கிராமத்தில் வளர்ந்து, 20 வயதில் சக்கரம் முதல் எல்லாமே மரத்தால் ஆன கடிகாரத்தைச் செய்தார். பிறகு பிராக்கிள்ஸ்பி பார்க் மாளிகைக்கு ஒரு கோபுரக் கடிகாரம். அதில் எண்ணெயே தேவையில்லை. லிக்னம் வைட்டே என்ற மரத்தில் இயற்கையாகவே பிசுபிசுப்பு உண்டு, அதையே உராயும் பாகங்களுக்குப் பயன்படுத்திவிட்டார்.

தன் கடிகாரங்கள் சரியாக ஓடுகின்றனவா என்று பார்க்க அவரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டு, ஒரு நட்சத்திரம் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் நேரத்தைத் தினமும் குறித்து வைத்தார். நட்சத்திரக் கணக்கு ஒருபோதும் பிசகாதே. மாதத்துக்கு ஒரு நொடிதான் தவறுகிறது என்ற அளவுக்குக் கடிகாரங்களைத் திருத்தினார்.

1730-ல் லண்டன் வந்தவர், வால்நட்சத்திரப் புகழ் எட்மண்ட் ஹாலியைச் சந்தித்தார். ஹாலி அவரை ஜார்ஜ் கிரஹாம் என்ற பெரிய கடிகாரக் கலைஞரிடம் அனுப்பினார். கிரஹாம் அந்தக் கிராமத்துத் தச்சருக்குக் கடன் கொடுத்து ஊக்கப்படுத்தினார். 1735-ல் முதல் கடல் கடிகாரம் தயார். எடை 34 கிலோ! இன்று அதன் பெயர் ஹெச்1.

1736-ல் 'செஞ்சூரியன்' கப்பலில் ஹெச்1 லிஸ்பன் போனது. திரும்பும்போது வேறு கப்பல். தூரத்தில் தெரிந்த நிலத்தை 'ஸ்டார்ட்' என்று மாலுமி சொல்ல, 'இல்லை, லிசார்ட்' என்றார் ஹாரிசன். அவர் சொன்னதுதான் சரி. மாலுமியின் கணக்கு ஏறக்குறைய 60 மைல் பிசகியிருந்தது.

அடுத்த வருடம் பரிசுக் குழுவின் கூட்டம். அங்கிருந்தவர்கள் கடிகாரத்தை மெச்சினார்கள். அதில் குறை சொன்ன ஒரே ஆள் ஹாரிசன்! இன்னும் நன்றாகச் செய்கிறேன், அவகாசம் கொடுங்கள் என்றார். ஹெச்2 வந்தது, அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஹெச்3-க்கு மட்டும் 19 வருடங்கள். ஆக, தாமதத்தில் பாதி அவரே இழுத்துக்கொண்டது. அந்த வருடங்களில்தான் வெப்பத்துக்கு வளையும் இரட்டை உலோகத் தகட்டையும், இன்றைய பால் பேரிங்கின் முன்னோடியையும் அவர் உருவாக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த இடைவெளியில் கடல் சும்மா இருக்கவில்லை. ஹெச்1-ஐ ஏற்றிச் சென்ற அதே செஞ்சூரியன், 1741-ல் பசிபிக் கடலில் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவைத் தேடித் தடுமாறியது. தீவு தங்களுக்குக் கிழக்கே இருக்கிறதா, மேற்கே இருக்கிறதா என்றே தளபதி ஆன்சனுக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே ஸ்கர்வி நோயில் சுருண்டு கிடந்த மாலுமிகளில் 70 பேருக்கு மேல் அந்த வீண் அலைச்சலில் மட்டும் இறந்தார்கள்.

உள்ளங்கைக்குள் லண்டன் நேரம்

தன் சொந்த உபயோகத்துக்காக ஹாரிசன் ஒரு பாக்கெட் வாட்ச் செய்யச் சொல்லியிருந்தார். அது எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. பெரிய கடிகாரங்களோடு 20 வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவர், விடை சிறியதில் இருக்கிறது என்று புரிந்துகொண்டார். 1759-ல் ஹெச்4 பிறந்தது. 13 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை கிலோவுக்கும் குறைவு.

ஹாரிசனுக்கு வயது 68. கடல் பயணத்துக்கு மகன் வில்லியம் கிளம்பினார். 1761 நவம்பரில் 'டெப்ட்ஃபோர்ட்' கப்பல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. வழியில் பீர் எல்லாம் கெட்டுப்போய், தண்ணீர் குடிக்க வேண்டிய நிலை. அந்தக் காலக் கப்பல்களில் அது பெரிய துக்கம்! மடெய்ரா தீவு எப்போது வரும் என்பதில் மாலுமிகளின் கணக்கும் வில்லியமின் கணக்கும் மோதின. மறுநாள் காலை தீவு தெரியும் என்றார் வில்லியம். தெரிந்தது. முதலில் விற்பனைக்கு வரும் கடிகாரத்தை நானே வாங்கிக்கொள்கிறேன் என்றார் கேப்டன்.

ஜமைக்காவை அடைந்தபோது 81 நாள்களில் ஹெச்4 தவறியது சுமார் 5 நொடிதான். பரிசு கைக்கு வந்திருக்க வேண்டும். குழுவோ, ஜமைக்காவின் தீர்க்கரேகையே உறுதியாகத் தெரியாதே, கடிகாரம் தினமும் எவ்வளவு தவறும் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லையே என்றது. இன்னொரு சோதனை வேண்டுமாம்.

1764-ல் பார்படாஸ் பயணம். அங்கே முடிவைச் சரிபார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் நெவில் மாஸ்கலின். வானியலாளர், பாதிரியார். நிலாவுக்கும் நட்சத்திரங்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்கும் முறைக்காக உழைத்துக்கொண்டிருந்தவர். போட்டியாளரே நடுவரா என்று வில்லியம் சண்டை பிடித்தார். (இந்த மாஸ்கலினின் தங்கை மார்கரெட்டைத்தான் ராபர்ட் கிளைவ் 1753-ல் சென்னை கோட்டையில் உள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் மணந்தார்.)

முடிவு வந்தது. 47 நாள் பயணத்தில் பிழை சுமார் 39 நொடி. கேட்டதைவிட மூன்று மடங்கு துல்லியம்.

அப்போதும் முழுப் பரிசு வரவில்லை. சட்டமே மாற்றப்பட்டது. கடிகாரத்தின் ரகசியத்தை நிபுணர்கள் முன்னால் பிரித்துக் காட்டி, எல்லாக் கடிகாரங்களையும் ஒப்படைத்தால் பாதிப் பணம். மற்றவர்களாலும் இதைச் செய்ய முடியும் என்று நிரூபித்தால் மீதி. 1765-ல் மாஸ்கலின் அரச வானியலாளர் ஆனார். அந்தப் பதவியே அவரைப் பரிசுக் குழுவில் உட்கார வைத்தது. மறு வருடம் கடிகாரங்களை எடுத்துப்போக ஹாரிசனின் வீட்டு வாசலில் வந்து நின்றவரும் அவரேதான். கிரீன்விச்சில் ஹெச்4-ஐச் சோதித்து, நம்பத் தகுந்ததல்ல என்று அறிக்கை கொடுத்தார்.

மாஸ்கலினை வில்லனாகவே காட்டுவது பலருக்கு வழக்கம். அது முழு உண்மை அல்ல. நான்கு மணி நேரம் பிடித்த நிலாக் கணக்கை, 1767 முதல் அவர் வெளியிட்ட கடற்பயணப் பஞ்சாங்கம் சுமார் அரை மணி நேரமாகக் குறைத்தது. கடிகாரம் வாங்க வசதி இல்லாத கப்பல்களுக்குப் பல வருடங்கள் அதுதான் துணை. லார்கம் கெண்டால் என்ற கலைஞர் ஹெச்4-ஐ அச்சு அசலாகப் பிரதி எடுத்தபோது செலவு சுமார் 500 பவுண்ட். ஒரு கப்பலுக்கு அவ்வளவு பணமா என்று குழு கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால், ஓட்டப் பந்தயம் முடிந்த பிறகு கோட்டைத் தள்ளிவைத்ததும், போட்டியாளர் கையில் மார்க் போடும் பேனாவைக் கொடுத்ததும் நியாயமே இல்லை.

அந்தப் பிரதிதான் கே1. கேப்டன் ஜேம்ஸ் குக் 1772-ல் அதை எடுத்துக்கொண்டு உலகைச் சுற்றினார். அன்டார்டிக் குளிரிலும் வெப்ப மண்டல வெயிலிலும் மூன்று வருடங்கள் ஓடியது. கிளம்பும்போது சந்தேகத்தோடு பார்த்தவர், திரும்பும்போது அதைப் புகழ்ந்து எழுதினார்.

இங்கே லண்டனில், பார்வை மங்கிய வயதில் ஹாரிசன் ஐந்தாவது கடிகாரத்தையும் முடித்திருந்தார். மகன் நேராக மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குக் கடிதம் எழுதினார். மன்னர் ஹெச்5-ஐ வாங்கித் தன் சொந்த ஆய்வுக்கூடத்தில் 10 வாரம் சோதித்தார். ஒரு நாளைக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் பிழை! மன்னரின் ஆதரவோடு விஷயம் நாடாளுமன்றத்துக்குப் போனது. 1773-ல் 8,750 பவுண்ட் வழங்கப்பட்டது. அப்போது ஹாரிசனுக்கு வயது 80. இடையிடையே கிடைத்த உதவித் தொகைகளையும் சேர்த்தால் அவர் பெற்றது 23,000 பவுண்டுக்கு மேல். அதனால் அவர் ஏழையாகச் சாகவில்லை. ஆனால், 'பரிசை வென்றவர்' என்ற அறிவிப்பு மட்டும் கடைசி வரை வரவில்லை. அந்த முழுப் பரிசு யாருக்குமே அதிகாரபூர்வமாக வழங்கப்படவில்லை. 1776 மார்ச் 24 அன்று ஹாரிசன் காலமானார்.

பிறகு மற்ற கலைஞர்கள் வடிவத்தை எளிமையாக்க, விலை இறங்கி, 'குரோனோமீட்டர்' என்ற பெயரில் கப்பலுக்குக் கப்பல் அது பரவியது. ஹாரிசனின் சொந்தக் கடிகாரங்களோ கிரீன்விச்சில் அழுக்கேறிக் கிடந்தன. 1920-ல் அவற்றைப் பார்த்த ரூபர்ட் கூல்ட் என்ற கடற்படை அதிகாரி, பத்து வருடங்களுக்கும் மேலாக உட்கார்ந்து சுத்தம் செய்து மீண்டும் ஓட வைத்தார்.

லண்டன் கிரீன்விச் ஆய்வுக்கூடத்துக்குப் போனால் இன்று அவற்றைப் பார்க்கலாம். ஹெச்1, ஹெச்2, ஹெச்3 மூன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஹெச்4 மட்டும் நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கிறது. மற்ற மூன்றைப் போல அல்லாமல் அதற்கு எண்ணெய் வேண்டும். ஓட ஓட அதன் பாகங்கள் தேய்ந்துவிடும்.