உடைந்த பல்லுக்கு ஊர் பேர் எது?

விரல்ரேகை, டி.என்.ஏ. ஆகியவற்றுக்கு நிகராகப் பல்லையும் ஆளை உறுதிப்படுத்தும் முதன்மைச் சான்றாக இன்டர்போலின் பேரிடர் வழிகாட்டி ஏற்றிருப்பதற்கு ஒரு காரணம், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுக்களால் ஆன எனாமல், மனித உடலிலேயே மிகக் கடினமான பொருளாக இருப்பது. எனினும், எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின், நீரும் புரதமும் மிகுந்தது என்பதால் தீயில் சுருங்கிவிட, அந்த அளவுக்குச் சுருங்காத எனாமல் அதிலிருந்து பிரிந்து தெறிக்கிறது. எஞ்சிய துண்டுகளும் கைபட்டால் பொடியாகும் நிலையை அடைகின்றன.

பசையிட்டு ஒட்ட இயலாத இத்துண்டுகளைத் திரையிலேயே இணைத்துப் பார்க்க மைக்ரோ சி.டி. உதவுகிறது. எக்ஸ்ரேயின் முன் துண்டைச் சிறிது சிறிதாகச் சுழற்றி நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, அவற்றைக் கொண்டு கணினியில் முப்பரிமாண உருவை அமைக்கும் இக்கருவி, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் நுண்ணிய விவரங்களைக் காட்டக்கூடியது. ஒவ்வொரு முறிவுப் பரப்பின் மேடுபள்ளங்களும் மற்றொன்றோடு பொருத்தப்படுகின்றன. கிடைக்காத பகுதியை மறுபக்கத்துப் பல்லின் கண்ணாடிப் பிம்பத்தால் நிரப்பலாம் என்றாலும், அது ஊகமே என்பதால் அசலிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது முறை. துண்டுகள் சிதையாமல் இருப்பதால், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வல்லுநரும் அவற்றை மீண்டும் ஆராய முடியும். பல்லின் மேற்பகுதி உடைந்து வேர் மட்டும் தாடையில் நிற்குமானால், கூம்பு வடிவக் கதிரால் தாடை முழுவதையும் பதியும் கோன் பீம் சி.டி.யே பெரும்பாலும் போதுமானது.

இவ்வாறு மீட்ட பல் வயதைத் தோராயமாகச் சொல்லுமேயன்றிப் பெயரைச் சொல்லாது. அதற்கு அந்த ஆள் வாழ்ந்த காலத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் உள்ள வேரின் வளைவும், வேர் சிகிச்சையின் நிரப்பலும் ஒத்துவர வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில், ஐரோப்பியப் பயணியரில் மிகப் பலர் பற்பதிவுகளால் அடையாளம் காணப்பட்டனர். அத்தகைய பதிவுகள் அரிதாயிருந்த தாய்லாந்து மக்களுக்கோ விரல்ரேகையையும் டி.என்.ஏ.வையும் நாட வேண்டியிருந்தது.

பழைய பதிவு இருந்தால்தான் பல் பெயரைச் சொல்லும் என்பது திருவண்ணாமலைக்கும் பொருந்தும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் அவ்வூரின் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் சரிந்து 7 பேர் இறந்தபோது, தேடப்படுவோர் இன்னார் என்பது தெரிந்திருந்தது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் திரளும் லட்சக்கணக்கானோரிடையே விபத்து நேர்ந்தால் அத்தகைய தெளிவு இராது. அவர்களுடைய பற்பதிவுகள், இருந்தால், சென்னையிலோ ஆந்திராவிலோ உள்ள ஏதோ ஒரு கிளினிக்கில்தான் இருக்கும். ஆகவே விலையுயர்ந்த ஸ்கேனருக்கு முன்பே தேவைப்படுவது, பெயர், தேதி, பல் எண் ஆகியவற்றோடு ஒவ்வோர் எக்ஸ்ரேயையும் கிளினிக்குகள் சேமித்து வைத்து, நோயாளிக்கும் ஒரு பிரதி தரும் வழக்கமே.