ஹைபிரிட் கார்: கூடுதல் விலை மீளுமா?

கார் என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கண்ட பொருள் மேகம், மழைக்காலம், அக்காலத்து நெல் என்பனவாகும். காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இம்மூன்றும் இன்றும் அயலானவை அல்ல. ஆயினும் ஊரில் ஒருவர் "கார் வாங்கப் போகிறேன்" என்றால் இன்று எவரும் நெல்லை நினைப்பதில்லை, மகிழுந்தையே நினைக்கின்றனர். அண்மைக் காலமாக அப்பேச்சோடு ஒரு கேள்வியும் எழுகிறது. பெட்ரோல் கார் போதுமா, கூடுதல் விலை கொடுத்து ஹைபிரிட் கார் வாங்குவதா என்பதே அக்கேள்வி.

நம் துறையில் பயின்று, வளைகுடா நாடொன்றில் பதினாறு ஆண்டுகள் உழைத்து, பாபநாசம் அருகிலுள்ள தம் ஊருக்குத் திரும்பிய பழைய மாணவர் ஒருவர் இக்கேள்வியை நம்மிடம் கொண்டுவந்தார். தமிழாசிரியரிடம் கேட்கும் கேள்வியா இது என்றோம். "விற்பவரிடம் கேட்டால் வாங்கச் சொல்வார், உறவினரிடம் கேட்டால் பெருமையைச் சொல்வார். தெரிந்துசெயல்வகை அதிகாரத்தை எங்களுக்கு நடத்தியவர் நீங்கள்தாமே ஐயா?" என்றார் அவர். கையிலிருந்து போவது எது, கைக்கு வருவது எது, பின்னர்த் தொடர்ந்து கிடைப்பது எது என எண்ணிப் பார்த்தே செயலில் இறங்க வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் தொடக்கத்தில் வள்ளுவர் தரும் அறிவுரை. மாணவர் பார்த்த இரு வண்டிகளுக்கிடையே விலை வேறுபாடு இரண்டரை இலட்சம் ரூபாய். அது குடும்பத்தைப் பிரிந்து வாழ்ந்த பல மாதங்களின் ஊதியம். ஆகவே அவருடன் அமர்ந்து கணக்கிட்டோம். அக்கணக்கைப் பிறர்க்கும் பயன்படுமாறு இங்கு விளக்குகின்றோம்.

ஹைபிரிட் என்பது யாது?

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் ஒரே வண்டியில் இணைந்து இயங்குவதே ஹைபிரிட் ஆகும். இக்கருத்து புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெர்டினாண்ட் போர்ஷே இத்தகைய வண்டியொன்றை அமைத்தார். எனினும் பெருந்தொகையில் உற்பத்தியாகி மக்கள் கைக்கு வந்த முதல் ஹைபிரிட் கார், 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் ஆகும்.

இந்தியாவில் 2008ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஹைபிரிட் இறக்குமதியாகி அறிமுகமாயிற்று. விலை இருபது இலட்சத்தைத் தாண்டியதால் வாங்குவோர் தயங்கினர். அவ்வாண்டின் இறுதியில் விலையைப் பல இலட்சம் குறைத்த பின்னரே முன்வந்தனர். கூடுதல் விலை மீளுமா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று. 2022இல் ஹோண்டா சிட்டி, டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவை ஹைபிரிட் வடிவில் அடுத்தடுத்து வந்தன. அதன் பின்னரே நடுத்தரக் குடும்பங்களிடையே இப்பேச்சு பரவலாயிற்று.

இது இயங்கும் முறையை நம் வயற்காட்டு உவமையால் விளக்கலாம். வயலுக்குப் பாய்ந்தது போக வாய்க்காலில் வழிந்தோடி வீணாகும் நீரைக் குளத்தில் தேக்கி, பின்னர் அதே வயலுக்குப் பாய்ச்சினால் புதுநீர்த் தேவை குறையும் அன்றோ? சாதாரணக் காரில் பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் வேகமெல்லாம் வெப்பமாகி வீணாகிறது. ஹைபிரிட் காரில் அந்நேரம் மோட்டார் மின்னாக்கியாக மாறி, அவ்வேகத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேமிக்கிறது. மெதுவாக ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் ஓய்ந்து, சேமித்த மின்சாரத்தால் வண்டி நகர்கிறது. இதற்கு வீட்டு மின்னிணைப்பில் சார்ஜ் செய்யும் தேவை இல்லை. ஆனால் மூலமுதல் பெட்ரோலே என்பதை மறத்தலாகாது. குளம் நீரைத் தேக்குமேயன்றி நீரை உண்டாக்காது.

பெயரால் மயங்கற்க

ஹைபிரிட் என்னும் பெயரில் மூவகை வண்டிகள் உள்ளன. முதலாவது மைல்டு ஹைபிரிட். இதில் சிறு மோட்டார் எஞ்சினுக்குத் துணைசெய்யுமே தவிர, தானாக வண்டியை ஓட்டாது. 2015இல் வந்த மாருதி சியாஸ் ஹைபிரிட் இவ்வகையினது. மின்வாகனங்களை ஊக்குவிக்க 2015இல் நடுவண் அரசு தொடங்கிய ஃபேம் திட்டத்தில் இவ்வகைக்கும் சலுகை கிடைத்தது. 2017இல் அது விலக்கப்பட்டது. இரண்டாவது ஸ்ட்ராங் ஹைபிரிட். மேலே விளக்கிய முழுப் பயனைத் தருவது இதுவே. மூன்றாவது, மின்னிணைப்பில் சார்ஜ் செய்யத்தக்க பிளக்-இன் வகை. இது நம் நாட்டில் விலையுயர்ந்த சில வண்டிகளில் மட்டுமே உண்டு. வாங்கப் போகும் வண்டி இவற்றுள் எது என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.

மைலேஜ் என்னும் எண்

இன்னோவா ஹைகிராஸ் பெட்ரோல் வண்டிக்குச் சோதனையில் லிட்டருக்கு 16.13 கிலோமீட்டரும், அதன் ஹைபிரிட் வடிவத்திற்கு 23.24 கிலோமீட்டரும் சான்றளிக்கப்பட்டுள்ளன. இவை சோதனைக்கூட எண்கள். சாலையில் இரண்டுமே குறையும்.

இவ்வெண்களில் ஒரு மயக்கமும் உண்டு. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டியை விட்டு 15 ஓடும் வண்டிக்கு மாறினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு 33 லிட்டர் மிச்சமாகும். 20 ஓடும் வண்டியை விட்டு 28 ஓடும் வண்டிக்கு மாறினால் மிச்சமாவது 14 லிட்டரே. முன்னதில் ஏற்றம் ஐந்து, பின்னதில் எட்டு. ஆயினும் முன்னதன் பயனே இருமடங்குக்கு மேல். எனவே மைலேஜ் எண்ணைக் கண்டு மகிழாமல், ஆண்டுக்கு எத்தனை லிட்டர் மிச்சமாகும் என்பதையே கணக்கிட வேண்டும்.

ஒரு மாதக் குறிப்பேடு

அண்ணனின் பழைய காரையே தாமும் எடுத்துச் செல்லும் நம் மாணவரிடம், ஒரு மாதம் அதன் ஓட்டத்தைக் குறித்துவரச் சொன்னோம். கும்பகோணம் கடைத்தெரு, தஞ்சை மருத்துவமனை, திருச்சி விமான நிலையம், உறவினர் இல்லங்கள் எல்லாம் சேர்ந்து 700 கிலோமீட்டர் வந்தது. ஆண்டுக்கு 8,400 கிலோமீட்டர் எனலாம்.

நம் சாலைகளில் பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டரும், ஹைபிரிட் 20 கிலோமீட்டரும் தரும் என்றும், கணக்கின் எளிமைக்காகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொள்வோம். முன்னதற்கு ஆண்டுக்கு 600 லிட்டர் வேண்டும். பின்னதற்கு 420 லிட்டர். மிச்சம் 180 லிட்டர். அதாவது 18,000 ரூபாய். இரண்டரை இலட்சம் மீள்வதற்கு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆகும்.

அந்த இரண்டரை இலட்சத்தைக் கடனாகப் பெற்றால் நிலை இன்னும் கடினம். நூற்றுக்கு 9 வட்டியெனின் முதலாண்டு வட்டி மட்டுமே 22,500 ரூபாய். மிச்சமாகும் பெட்ரோல் வட்டிக்கும் போதாது. வட்டியை விலக்கி வாழ்வோரும் இக்கணக்கிலிருந்து தப்ப இயலாது. அத்தொகையை நேர்மையான வணிகத்தில் இலாப நட்டப் பங்கு முறையில் ஈடுபடுத்தியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வருவாய் என்னவென்று அவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இனி, மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காரை நோக்குவோம். ஆண்டுக்கு 36,000 கிலோமீட்டர். ஊருக்குள் ஓடுவதே மிகுதியாயின், மேற்கண்ட கணக்கின்படி ஆண்டுக்கு 77,000 ரூபாய் மிச்சமாகும். மூன்றே கால் ஆண்டில் கூடுதல் விலை மீண்டுவிடும். ஒரே வண்டி, ஒரே விலை, ஓட்டம்தான் வேறு.

இதனை நம் உழவர்கள் நன்கறிவர். மூன்று மா நிலமுடையவர் அறுவடை எந்திரத்தை விலைக்கு வாங்குவதில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துகிறார். பல வேலி நிலமுடையவர் வாங்கினால் பொருந்தும். எந்திரத்தின் சிறப்பில் ஐயமில்லை. அதற்குப் போதிய வேலை நம்மிடம் உண்டா என்பதே கேள்வி.

சாலையும் ஒரு காரணி

ஹைபிரிட் காரின் வலிமை நின்று நின்று செல்லும் சாலையில் வெளிப்படும். தஞ்சைக் கீழவாசலிலும் கும்பகோணத்துக் கடைவீதியிலும் அது தன் பயனைக் காட்டும். கொள்முதல் நிலையங்களுக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகச் செல்லும் அறுவடைக் காலத்திலும், சாலையிலேயே நெல் காயும் ஊர்களிலும் அவ்வாறே. ஆனால் திருச்சி–தஞ்சை நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் செல்லும்போது பிரேக்கின் தேவை குறைவு. மீட்டெடுக்கும் மின்சாரமும் குறைவு. வாடகைக் காரின் ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் அமைந்து, மைலேஜ் பெட்ரோலுக்கு 15, ஹைபிரிட்டுக்கு 19 என்று நின்றால், அதே 36,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 50,000 ரூபாய் அளவே. அப்போது விலை மீள ஐந்தாண்டு ஆகும்.

பேட்டரியும் வரியும்

பேட்டரி கெட்டால் என் செய்வது என்னும் அச்சம் பலர்க்கு உண்டு. மேற்குறித்த டொயோட்டா, மாருதி, ஹோண்டா ஸ்ட்ராங் ஹைபிரிட் வண்டிகளின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் அளிக்கப்படுகிறது. வீட்டுக் காருக்கு எட்டாண்டும் முழுமையாகக் கிடைக்கும். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வாடகைக் காருக்கோ நாலரை ஆண்டு முடிவதற்குள் அது தீர்ந்துவிடும். நெடுஞ்சாலை ஓட்டத்தில் விலை மீள ஐந்தாண்டு ஆகும் என்பதை இதனோடு சேர்த்து எண்ணுக.

வரியில் பெருஞ்சலுகை இல்லை. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது ஹைபிரிட் கார்களுக்கு மேல்வரி உட்பட 43 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் வரிவீதம் மாற்றப்பட்டு, நான்கு மீட்டருக்கு மேற்பட்ட கார்கள், ஹைபிரிட்டாயினும், 40 விழுக்காட்டில் அமைந்தன. அம்மாற்றத்திலும் மின்கார்களுக்கு 5 விழுக்காடே நிலைத்தது.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஹைபிரிட் வடிவம் பெரும்பாலும் வசதிகள் மிகுந்த உயர்நிலை வண்டிகளிலேயே தரப்படுகிறது. கியர் தானே மாறும் அமைப்பும் உடன் வருகிறது. அவற்றைக் கையால் கியர் மாற்றும் எளிய பெட்ரோல் வண்டியோடு ஒப்பிட்டால் வேறுபாடு பெரிதாகத் தோன்றும். ஒத்த வசதியுடைய இரண்டையே ஒப்பிடுதல் முறை.

பணத்திற்கு அப்பால்

எல்லாவற்றையும் பணத்தால் மட்டுமே அளத்தல் பொருந்துமா எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 180 லிட்டர் குறைந்தால் ஆண்டுக்கு 400 கிலோவுக்கு மேல் குறையும். நரிமணத்தில் எண்ணெய் எடுக்கப்படுவதையும், 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவையொட்டி எழுந்த போராட்டத்தையும் கண்ட டெல்டா மக்கள், பெட்ரோலுக்கு ரூபாயில் அடங்காத விலையும் உண்டென்பதை அறிவர். அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது நற்செயலே. ஆனால் அதை நன்மைக்காகச் செய்த செலவு என்று கூற வேண்டுமேயன்றிச் சேமிப்பு என்று கூறலாகாது. விரயமும் கஞ்சத்தனமும் தவிர்த்து நடுவழி பேணுவதே மார்க்கம் காட்டும் நெறி. கணக்கு தெளிவாக இருந்தால்தான் அந்நடுவழி புலப்படும்.

முடிவுரை

மேற்கண்டவற்றைச் சுருங்கக் கூறின், கூடுதல் விலையை ஆண்டு மிச்சத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். வரும் ஆண்டுகள் எட்டுக்கு மேற்பட்டால் பணம் மீளும் என்று நம்புதல் அரிது. நாம் கொண்ட எண்களின்படி, வட்டியைச் சேர்க்காமலே, மாதம் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவோர்க்கே இரண்டரை இலட்சம் எட்டாண்டுக்குள் திரும்பும். விலையோ மைலேஜோ மாறினால் எண்களை மாற்றிக்கொள்க, முறை மாறாது.

நம் மாணவர் பெட்ரோல் காரையே வாங்கினார். மிஞ்சிய தொகையைத் தம் அண்ணனின் நெல் வணிகத்தில் பங்காகச் சேர்த்தார். கும்பகோணத்தில் வாடகைக் கார் ஓட்டும் அவருடைய மைத்துனரோ அதே குறிப்பேட்டு முறையில் கணக்கிட்டு ஹைபிரிட் வாங்கினார். ஊருக்குள் ஓடுவதே அவருக்கு மிகுதி. இருவர் முடிவும் சரியே என்பது நம் கருத்து. இருவரும் விளம்பரத்தை நம்பாமல் தத்தம் சாலையை அளந்து பார்த்தனர். வண்டி வாங்க எண்ணும் அன்பர்களும் முதலில் ஒரு குறிப்பேடு வாங்குவார்களாக!