அம்மா கட்டி வைத்த பை

2009ஆம் ஆண்டு. செட்டிகுளம் முகாம். மாலை ஐந்து மணியானால் என் அம்மா தறப்பாள் கொட்டிலின் வாசலில் வந்து இருந்துவிடுவார். மடியில் ஓர் உரப்பை. அதற்குள் இரண்டு சேலை, ஒரு கோப்பை, அப்பாவின் படம்.

"பிள்ளை, இருட்டப் போகுது. வீட்டை போவம். மாடு கட்ட வேணும்."

கிளிநொச்சியில் எங்களுக்கு அப்போது வீடும் இல்லை, மாடும் இல்லை. பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பேன். பதினோராவது தடவை கத்துவேன். ஒருநாள் அந்தப் பையைப் பறித்து எறிந்தேன். அம்மா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் படுத்துவிட்டார். செல் வருகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

"மனுசிக்கு மூளை பிசகிப்போச்சு" என்றார்கள் சிலர். "எல்லாத்தையும் இழந்த ஏக்கம்" என்றார்கள் வேறு சிலர். அது ஒரு நோய், அதற்குப் பெயர் இருக்கிறது, அதோடு வாழும் ஒருவரைப் பார்த்துக்கொள்ள வழிகள் இருக்கின்றன என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 2011இல் அம்மா கண்ணை மூடினார்.

சகோதரிகளே, அந்த வழிகளை நான் எங்கே கற்றேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கற்றுத் தந்தவர்கள் கடல் கடந்த ஓர் ஊரில், எங்களைப் போலவே வரலாற்றால் அடிபட்ட கறுப்பினப் பெண்கள்.

அற்லாண்டாவில் ஒரு வீடு

2014இல் கணவரிடம் அமெரிக்கா வந்தேன். தாதி உதவியாளர் பயிற்சி பெற்று, வீடுகளுக்குச் சென்று முதியோரைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தேன். 2018இல் அற்லாண்டா நகரில் ஒரு கறுப்பின அம்மாவைப் பார்க்க அனுப்பினார்கள். வயது 82. அலபாமா மாநிலத்தில் பருத்தித் தோட்டக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். நாங்கள் 'பிள்ளை' என்று கூப்பிடுவதுபோல என்னை 'பேபி' என்று கூப்பிடுவார். அவருக்கு டிமென்சியா. மூளையின் கலங்கள் பழுதடைந்து நினைவு, பேச்சு, நிதானம் எல்லாம் மெல்ல மெல்லக் குறையும் நிலை அது. அதை உண்டாக்கும் நோய்களில் கூடுதலாகக் காணப்படுவது அல்ஸைமர்.

அவரது மகள் தபாற்கந்தோரில் வேலை செய்துகொண்டே இரவு முழுவதும் தாயுடன் விழித்திருப்பவர். "பராமரிப்பாளருக்கான உதவிகள் இருக்கின்றனவே, நீங்கள் கேட்கவில்லையா?" என்று நான் கேட்டபோது அவர் சிரித்தார். "நான் பராமரிப்பாளர் இல்லை. நான் மகள்." எங்கள் ஊரிலும் எந்த மகள் தன்னைப் பராமரிப்பாளர் என்று சொல்லுவாள்? அதனால்தான் உதவி இருந்தும் அது எங்களை வந்து சேர்வதில்லை.

ஒருநாள் அவர்களோடு கிளினிக் போனேன். இளம் வைத்தியர் ஒருவர் அந்த அம்மாவை முதற்பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்டார். அம்மா வாயே திறக்கவில்லை. 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார் வைத்தியர்.

வெளியே வந்ததும் மகள் விளக்கினார். தாயின் இளமைக் காலத்தில் தென்மாநிலங்களில் கறுப்பருக்கு வேறு பள்ளிக்கூடம், வேறு வாசல், வேறு தண்ணீர்க் குழாய். வெள்ளைச் சிறுவன்கூட வயதுபோன கறுப்புப் பெண்ணை முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். 'திருமதி' என்ற மரியாதை அவளுக்குக் கிடைக்காது. 1964இல் குடியியல் உரிமைகள் சட்டம் வந்து அந்தப் பிரிவினை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் இந்த நோயில் புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை நீண்ட நாள் நிற்கும். அந்த அம்மா இருந்தது 2018இல் அல்ல, 1950இல். அங்கே அவரை யாரோ அவமதித்துவிட்டார்கள். அவர் பேசாமல் இருந்தது நோயினால் அல்ல, ரோசத்தினால்.

எனக்கு உடனே என் அம்மா நிலத்தில் படுத்த அந்தக் கணம் ஞாபகம் வந்தது.

ஊசி என்றால் ஏன் பயம்?

அந்த அம்மா ஊசியைக் கண்டாலும் நடுங்குவார். அதற்கும் காரணம் இருந்தது. அவர் பிறந்த அதே அலபாமாவில், ரஸ்கிகி என்ற ஊரில், 1932 முதல் 1972 வரை அரச சுகாதாரத் துறை ஓர் ஆய்வு நடத்தியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய். அது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 1940களில் பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கப்படவில்லை. நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1997இல் ஜனாதிபதி பில் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கதை கறுப்பினக் குடும்பங்களில் இன்றும் பேசப்படுகிறது.

அமெரிக்க அல்ஸைமர் சங்கம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், இந்நோய்க்கு நல்ல பராமரிப்புப் பெறுவது தங்களுக்குக் கடினம் என்று கறுப்பினத்தவரில் மூன்றில் இரண்டு பங்கினர் கூறியிருந்தார்கள். அதே சங்கத்தின் கணக்குப்படி, வயதான கறுப்பினத்தவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இரத்த அழுத்தம், நீரிழிவு, கல்வி கிடைக்காத இளமை, வறுமை எல்லாம் இதற்குப் பின்னால் இருக்கின்றன. அதாவது, நோய் கூடுதலாக வரும் மக்களுக்குத்தான் உதவி பெறுவதும் கடினமாக இருக்கிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. அல்ஸைமர் என்ற ஜெர்மன் வைத்தியரிடம் மியூனிச் நகரில் நேரில் பயின்றவர்களில் ஒருவர் கறுப்பினத்தவர். சொலமன் கார்ட்டர் புல்லர். லைபீரியாவில் 1872இல் பிறந்தவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவரின் பேரன். இந்நோயைப் பற்றி ஆங்கிலத்தில் விரிவாக முதலில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்த மகளுக்கு இது தேவாலய வகுப்பில்தான் தெரியவந்தது. "எங்கட ஆள் ஒருவர் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கள் மொழியில், தங்கள் இடத்தில்

அந்த வகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019இல் அவர்களது தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக இருந்தார்கள். நானும் ஓரத்தில் இருந்தேன். நடத்தியவர் ஒரு கறுப்பினத் தாதி.

"அன்னை வளர்த்தாள், நாங்கள் பார்க்கிறோம், இதற்கு எதற்கு வகுப்பு?" என்று ஒரு பெண் கேட்டார். தாதி எதிர்த்துப் பேசவில்லை. "உங்கள் அன்பு போதும். உங்கள் முதுகெலும்பு போதாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண்தான் அதிகமாக அழுதார்.

உணவைப் பற்றிப் பேசும்போது தாதி அந்நியமான உணவுகளைச் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அவிக்கும் கீரையையே உப்பும் பன்றிக் கொழுப்பும் குறைத்து எப்படிச் சமைப்பது என்று காட்டினார். பெயரை மறந்தவர்களும் சிறுவயதில் பாடிய ஞானப்பாடல்களை மறப்பதில்லை என்பதால், குளிப்பாட்டும்போது பாடச் சொன்னார். "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று கேட்டால் வாதாடாதீர்கள், அந்த வீட்டைப் பற்றிக் கேளுங்கள் என்றார்.

இது ஒரு தேவாலயத்தோடு நின்றுவிடவில்லை. எமரி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாதியியல் ஆய்வாளர் பேரோன் எப்ஸ், கறுப்பினத் தேவாலயங்களை இந்நோயுள்ளோருக்கு ஏற்ற இடங்களாக மாற்றும் 'ஓல்ட்டர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். கறுப்பினக் குடும்பங்களின் அனுபவத்தை வைத்தே பராமரிப்பாளருக்கான இணையவழிப் பாடநெறி ஒன்றும் எமரியில் உருவானது. 'பாம் இன் கிலியட்' என்ற அமைப்பு ஜூன் மாதத்தின் இரண்டாவது ஞாயிறை நினைவாற்றல் ஞாயிறாகத் தேவாலயங்களில் கடைப்பிடிக்கச் செய்கிறது. மக்கள் நம்பும் இடத்துக்கே அறிவு தேடிப் போகிறது.

எங்களுக்கு எது பொருந்தும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் டிமென்சியாவுடன் இருந்தார்கள். அவர்களைப் பராமரிக்கும் நேரத்தில் 70 வீதம் பெண்களுடையது. எனவே இது எங்கள் விடயம். நான் கற்றதில் சில:

மறதி எல்லாம் இந்நோய் அல்ல. ஆழ்ந்த துக்கம், தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, சில மருந்துகள், தொற்றுகள்கூட அப்படிக் காட்டும். இவற்றில் பல குணமாகக்கூடியவை. எனவே முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுப்படுத்துங்கள். கேட்கும் திறனும் பார்வையும் குறைந்தால் கவனியுங்கள். மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் இந்நோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்று 'லான்செற்' ஆணைக்குழு 2024இல் கூறியது.

உங்கள் முதியவரின் வரலாற்றை எழுதி வைத்தியரிடமும் தாதியிடமும் கொடுங்கள். எங்கே இடம்பெயர்ந்தார், யாரை இழந்தார், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவார் என்று எழுதுங்கள். பட்டாசும் ஹெலிகொப்டரும் எங்கள் அம்மாமாருக்கு வெறும் சத்தங்கள் அல்ல. சீருடையைக் கண்டு ஒளிந்தால் அது பைத்தியமும் அல்ல.

தனியாகச் சுமக்காதீர்கள். கோயிலடியிலோ மாதர் சங்கத்திலோ நான்கு பேர் சேர்ந்து இருந்து கதையுங்கள். கிழமையில் ஒரு பின்நேரம் ஒருவர் மற்றவருடைய அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம். கொழும்பில் லங்கா அல்ஸைமர் மன்றம் இயங்குகிறது. அங்கும் விசாரிக்கலாம்.

அந்த அலபாமா அம்மாவும் மாலையானால் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார். "பேபி, நான் வீட்டுக்குப் போகவேணும். கோழி அடைக்கவேணும்." முதல் தடவை கேட்டபோது என் நெஞ்சு நின்றுவிட்டது. பிறகு பக்கத்தில் இருந்து, "எத்தனை கோழி அம்மா?" என்று கேட்டேன். ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார். சொல்லி முடிக்கும்போது பை மடியிலிருந்து தானாக இறங்கிவிட்டது.

என் அம்மாவின் மாடுகளுக்கும் பெயர்கள் இருந்தன. நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பையோடு ஒருவர் வாசலில் இருந்தால், நீங்கள் கேளுங்கள்.