அமெரிக்காவில் படிப்பு முடிந்ததா? 90 நாள் கணக்கு தெரியுமா?

‘பட்டம் வாங்கியாச்சு, வேலையை மெதுவா தேடிக்கலாம்’ என்று எஃப்-1 விசா மாணவர்கள் இருந்துவிட முடியாது.

படித்த துறையில் 12 மாதம் வேலை பார்க்க ‘ஓபிடி’ அனுமதி உண்டு. அதில் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். சனி, ஞாயிறும் சேர்த்தி. தாண்டினால் விசா தகுதிக்கே சிக்கல்.

அனுமதி அட்டையில் உள்ள தொடக்கத் தேதியிலிருந்தே கணக்கு ஓடும். படிப்பு முடிந்து 60 நாளுக்குள் வரும் ஒரு தேதியை விண்ணப்பத்தில் நீங்களே கேட்கலாம். கையில் வேலை இல்லையென்றால் தள்ளியே கேளுங்க.

இந்த 12 மாதத்தில், உங்கள் துறையிலேயே வாரம் 20 மணி நேரம் செய்யும், சட்டம் அனுமதிக்கும் சம்பளமில்லாத பணியும் வேலையாகவே கருதப்படும்.

சேர்ந்த 10 நாளுக்குள் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் தெரிவிச்சிடுங்க. பதிவாகாவிட்டால், வேலை பார்த்தாலும் வேலையில்லாதவர் கணக்குதான்!