டயாலிசிஸ் இல்லாத நாட்களில் இதயம் படும் பாடு

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருப்பவர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதயநோய். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 10 முதல் 20 மடங்கு அதிகம் என்று 1998-இல் ராபர்ட் ஃபோலி குழுவினர் கணக்கிட்டார்கள். கொச்சி மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு அருகிலுள்ள கருவேலிப்படி தாலுகா மருத்துவமனையிலேயே டயாலிசிஸ் பிரிவு உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் இயந்திரத்தோடு கழியும் நான்கு மணி நேரத்தை நினைத்தே வீட்டார் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது அடுத்த முறைவரை உள்ள நாட்களுக்கு.

வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை நேரமும் உழைக்கிறது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் 12 மணி நேரம். நம் நாட்டில் பலருக்கும் கிடைக்கும் இரண்டு முறை என்றால் வெறும் எட்டு. இடையில் நீர் தேங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்தின் இடது அறைச்சுவர் தடிக்கிறது. பொட்டாசியம் கூடினால் துடிப்பே தடம் மாறி, முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடலாம். தேங்கிய மூன்று நான்கு லிட்டரையும் ஒரே அமர்வில் வேகமாக இழுக்கும்போது அழுத்தம் சரிந்து, இதயத் தசைக்கே ரத்தம் குறைகிறது. ரத்தசோகை சுமையைக் கூட்டுகிறது. பாஸ்பரஸ் மிகுந்தால் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து அது விறைக்கிறது.

அமெரிக்காவில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்த 32,065 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை, நீண்ட இடைவெளி முடியும் நாளில் மரணங்கள் கூடுவதைக் காட்டியது. அங்கே நீண்டது என்பது இரண்டு நாள் ஓய்வுதான்.

கொழுப்பு மாத்திரை காப்பாற்றாதா? நீரிழிவு உள்ள 1,255 டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் (2005) அடோர்வாஸ்டாட்டின் என்ற அந்த வகை மாத்திரையால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கொழுப்பு அடைப்பு மட்டுமே இங்கு எதிரியல்ல என்பதற்கு அது சான்று. அதற்காக, எழுதித் தந்த மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

“தண்ணியைக் குறைங்க” என்று மட்டும் சொல்லி அனுப்புவது, கொச்சியின் புழுக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் கொடுமை. தாகத்தைத் தூண்டுவது உப்பு. உணக்கமீன் (கருவாடு), உப்பிலிட்ட நெல்லிக்காய், பப்படம் ஆகியவற்றை முதலில் ஒதுக்கினால் தாகம் தானே அடங்கும். இளநீரும் நேந்திரம்பழமும் பொட்டாசியம் நிறைந்தவை. உடம்புக்குக் குளிர்ச்சி என்று அன்போடு கொடுப்பவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். நீர் தேங்குவதை அறிய, தினமும் காலையில் எடை பார்த்துக் குறித்துவைப்பது நல்லது.

படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சு அழுத்தம், கைகால் திடீரெனச் சோர்வது ஆகியவை தெரிந்தால் அடுத்த முறைக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வலியின்றியும் வரும்.

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. எறணாகுளம் பொது மருத்துவமனையிலேயே 2023 நவம்பரில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் அந்த அறுவை மேசைக்குப் போக இதயம் தாங்க வேண்டும். உறுப்புக்காகப் பதிவு செய்தவர்கள் எக்கோ பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.